மீட்கப்பட்ட விலங்குகளைப் பார்க்கப் போகிறீர்களா? கோலாலம்பூரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் ஏறினால், சாலை நெரிசல் இல்லாத காலையில், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கோல கண்டா வந்துவிடும். பகாங் மாநிலத்தின் லஞ்சாங் ஊரைத் தாண்டி, கிராவ் வனவிலங்குக் காப்பகத்தை ஒட்டி இருக்கும் இந்த யானைகள் பாதுகாப்பு மையத்தை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் 1989-இல் தொடங்கியது. மான், கரடி என்று வைத்திருக்கும் டியர்லேண்ட் என்ற சிறு பூங்காவும் அதே வட்டாரத்தில்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரும் குடும்பங்கள் நிறைய. அந்தப் பயணத்தை முன்வைத்தே இதை எழுதுகிறோம். பினாங்கிலிருந்து புக்கிட் மேரா ஒராங்ஊத்தான் தீவுக்குப் போகிறவர்களுக்கும் சாலைப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1963-இல் திறந்த நெகாரா மிருகக்காட்சிசாலைக்குப் போய்ப் பழகிய கண்ணோடு இங்கே போனால் ஏமாற்றமாக இருக்கும். அங்கே வரிசையாகக் கூண்டுகள், ஒவ்வொன்றுக்கும் பலகை. இங்கே விலங்குகள் குறைவு, அதிலும் பாதி தூங்கிக்கொண்டிருக்கும். ஒன்றுக்குக் கால் ஊனமாக இருக்கலாம், இன்னொன்று உங்களுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருக்கும். விலங்கின் நேரத்துக்கு நாம் போக வேண்டும். இந்தப் பயணத்தில் பிசகும் பெரும்பாலானவை, அது நம் நேரத்துக்கு வரும் என்று எதிர்பார்ப்பதால் பிசகுகின்றன.

மீட்பு மையமா, காட்சிக் கூடமா?

'ரெஸ்கியூ' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அதனால் புறப்படும் முன் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த விலங்கு எங்கிருந்து வந்தது? திரும்பக் காட்டில் விட முடியுமா, முடியாதென்றால் ஏன்? குட்டியைத் தூக்கிப் படம் எடுக்க விடுவீர்களா?

நல்ல இடத்தில் முதல் இரண்டுக்கும் குறிப்பான பதில் வரும். 'செம்பனைத் தோட்டத்துக் குழியில் விழுந்த கன்று', 'கண்ணியில் பாதம் போனது', 'வீட்டில் வளர்த்தவரிடமிருந்து பறிமுதல் செய்தது' என்பார்கள். மூன்றாவது கேள்விக்கு 'முடியாது' என்று வந்தால் மகிழ்ச்சியோடு போங்கள். 'முடியும், படத்துக்கு இவ்வளவு வெள்ளி' என்று வந்தால் யோசியுங்கள். தேவாங்கை மடியில் வைத்து எடுத்த ஒரு படம் ஊரெல்லாம் சுற்றும்போது, அதை வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கூடுகிறார்கள். தேவாங்கின் கடி நஞ்சுள்ளது என்பதால், விற்பதற்கு முன் அதன் பற்களை நறுக்கிவிடுவார்கள். பல் போன தேவாங்கு காட்டில் பிழைக்காது. மீட்பு மையங்களிலேயே அவை ஆயுளைக் கழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, நடப்பில் இருக்கிறது. யானை, புலி, பன்றிபோலத் தோற்றமுள்ள தாப்பிர், தேன் கரடி, தேவாங்கு எல்லாம் முழுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. இவற்றை வைத்திருக்கும் தனியார் இடத்துக்கு பெர்ஹிலித்தானின் அனுமதி இருக்க வேண்டும். அதைப் பற்றிக் கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

எந்த நாள், எத்தனை மணிக்கு

செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாட்கள். பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் வேண்டாம். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக நண்பகலில் பணி நிற்கும், சில இடங்கள் அன்று திறப்பதே இல்லை. யானைகளுக்குத் தீவனம் கொடுப்பது போன்றவை பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகு நடக்கும். நேர அட்டவணை அவ்வப்போது மாறும் என்பதால், பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல் முந்தைய நாள் அலுவலக நேரத்திலேயே அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

செந்தூலிலிருந்தோ பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ காலை 7 மணிக்குக் கிளம்பினால் போதும். மான்களும் கரடிகளும் வெயில் ஏறும் முன்தான் நடமாடும். எனவே சிறு பூங்காவை முதலில் முடித்துக்கொண்டு யானைகளை அடுத்ததாக வையுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். மதியம் 3 மணிக்குக் கரடிக் கூண்டின் முன் நின்றுகொண்டு, 'ஒன்றுமே இல்லையே' என்கிறார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். மாற்றுடை ஒரு செட், பிள்ளைகளுக்கு இரண்டு. முன்பக்கம் மூடிய சப்பாத்து கட்டாயம், சிலிப்பர் வேண்டாம். மழை பெய்த மறுநாள் புல்வெளி ஓரங்களில் அட்டை இருக்கும். நீளமான காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டால் அட்டைக்கு வழியில்லை. ஒட்டிக்கொண்டால் நெருப்பு வைக்காதீர்கள், உப்பும் போடாதீர்கள். நகத்தை அதன் வாய்ப் பக்கம் கொடுத்து வழித்து எடுத்துவிட்டு, சோப்பால் கழுவுங்கள். சிறிது நேரம் ரத்தம் கசிந்துவிட்டு நின்றுவிடும்.

மழைக்குக் குடையைவிட மழை அங்கி நல்லது. பட்டென்று விரியும் குடை மானையும் மிரட்டும், யானையையும் மிரட்டும். 5, 10 வெள்ளித் தாள்களாக 100 வெள்ளி ரொக்கம் கையில் இருக்கட்டும். காட்டோரத்தில் தொலைபேசி அலைவரிசை போய்விட்டால் இ-வாலட் வேலை செய்யாது. வரைபடத்தையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்கள், அதிலும் புரட்டாசியில், புளிச்சாதமோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு போவது நல்லது. அசைவக்காரர்களுக்குக் கவலையில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் தெமர்லோ, அங்கே பாத்தின் மீன் தெம்போயாக் (புளிக்கவைத்த துரியானில் சமைத்தது) பேர்போனது.

வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியவையும் உண்டு. தலையில் மல்லிகைச் சரம், தொங்கட்டான், கலகலக்கும் கண்ணாடி வளையல், தோளில் தொங்கும் நீளத் துப்பட்டா. கோயிலுக்குப் போய்விட்டு நேராக வருகிறவர்கள் அர்ச்சனைத் தட்டின் வாழைப்பழத்தையும் தேங்காய் மூடியையும் காரிலேயே பூட்டிவிட்டு இறங்குங்கள். பிளாஸ்டிக் பையைக் கண்டாலே அதற்குள் சாப்பாடு என்று குரங்குக்குத் தெரியும். பத்துமலைப் படியில் பார்க்காததா?

இருமலோ காய்ச்சலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மனிதரின் காசநோய் யானைக்குத் தொற்றும், மனிதரின் சளி ஒராங்ஊத்தானுக்குத் தொற்றும்.

சாலை

பொதுப் போக்குவரத்தை நம்பி இங்கே போக முடியாது. சொந்தக் கார், இல்லையென்றால் போகவர வாடகை பேசிய வண்டி. கிராப் பிடித்துப் போய்விடலாம், திரும்பி வர வண்டி கிடைப்பதுதான் பாடு.

கோம்பாக் டோலைத் தாண்டி காராக் நெடுஞ்சாலை, பிறகு கிழக்குக்கரை விரைவுச்சாலை. லஞ்சாங் வெளிவழியில் இறங்கி, யானைச் சின்னம் போட்ட பலகைகளைப் பின்தொடருங்கள். டச் அண்ட் கோ அட்டையில் போகவர டோலுக்குப் போதுமான பணம் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். பெட்ரோலையும் நகரிலேயே நிரப்பிவிடுங்கள். பிள்ளைகள் இருந்தால் கெந்திங் செம்பா ஓய்விடத்தில் ஒருமுறை நிறுத்துங்கள். அதற்கப்புறம் வளைவுகள் அதிகம், பின் இருக்கையில் வாந்தி வருவது இங்கேதான். நாசி லெமாக் சம்பலை வயிறு முட்டச் சாப்பிட்டவர்களுக்கு இன்னும் சுலபமாக வரும்.

விரைவுச்சாலையை விட்டு இறங்கியபின் கம்போங் சாலை. மாடு குறுக்கே வரும். 50-ஐத் தாண்டாதீர்கள்.

தீவனம் கொடுப்பது

மனிதர் கையால் விலங்குக்குக் கேடு நேர்வது அதிகமும் இங்கேதான், அதுவும் அன்பினால். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூங்கா விற்கும் தீவனத்தைத் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள். மான் அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையில் இலையையும் நாரையும் நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ரொட்டி, பிஸ்கட், சோறு போன்ற மாவுப்பொருள் ஒரேயடியாக உள்ளே போனால் நொதிப்பு தறிகெட்டு, அமிலம் கூடி, வயிறு உப்பிவிடும். ஒரு துண்டு ரொட்டியால் மான் சாகாது. ஆனால் அன்று வந்த 60 பேரும் 'ஒரு துண்டுதானே' என்று நினைத்தால் 60 துண்டு. பிளாஸ்டிக் உறையோடு விழுங்கினால் அது இரைப்பையிலேயே கிடக்கும், வெளியே வராது.

பயற்றங்காயோ கங்கூங் கீரையோ கொடுத்தால் நறுக்காமல் முழு நீளத்துக்கே பிடியுங்கள். உங்கள் விரலுக்கும் அதன் வாய்க்கும் நடுவே ஒரு சாணாவது இடைவெளி இருக்கும். சிறு துண்டென்றால் விரல்களை ஒட்டி நீட்டி, உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள். மானுக்கு மேல்தாடையின் முன்பக்கம் வெட்டுப்பல் கிடையாது, கெட்டியான ஈறுதான். கடிப்பதைவிட இழுக்கும். பிள்ளைகள் பயந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பின்னால் விழுவதால்தான் அடிபடுகிறார்கள்.

கலைமான் கொம்பைப் பாருங்கள். மேலே மெத்தென்று தோல் போர்த்தியிருந்தால் கொம்பு வளரும் காலம், அது தொட்டால் வலிக்கும் என்று தானே விலகும். தோல் உரிந்து கொம்பு எலும்பாகப் பளபளத்தால் இனச்சேர்க்கைக் காலம். அப்போது வேலிக்கு உள்ளே போகும் பூங்காவானாலும், பணியாளர் இல்லாமல் அதன் பக்கம் போகாதீர்கள். பழகிய மான்தான் இன்னும் ஆபத்து, அதற்கு மனிதரிடம் பயம் விட்டுப்போயிருக்கும்.

தீவனத்தைப் பையோடு மொத்தமாகப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். ஒரு பெரியவர் பின்னால் நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கட்டும். பை கண்ணில் பட்டுவிட்டால் விலங்கு கையை விட்டுவிட்டுப் பையைத்தான் பார்க்கும்.

யானையின் பக்கத்தில்

முதலில் பின்னணி. காடு செம்பனைத் தோட்டமானபோது யானைகள் தோட்டத்துக்குள் வந்தன. சுட்டுக் கொல்வதற்குப் பதிலாக அவற்றைப் பிடித்துக் காட்டில் விட 1974-இல் பெர்ஹிலித்தான் ஒரு குழுவை அமைத்தது. மயக்க ஊசி போட்ட காட்டு யானையை இருபுறமும் அணைத்து நடத்திவர, 'டெனாக்' எனப்படும் பழக்கிய யானைகள் வேண்டும். தொடக்கத்தில் அவை இந்தியாவின் அஸ்ஸாமிலிருந்து வந்தன, பாகன் வேலையைக் கற்றுக்கொடுத்தவர்களும் அங்கிருந்துதான். இதுவரை 600-க்கும் மேற்பட்ட யானைகள் இப்படித் தமான் நெகாரா போன்ற பெருங்காடுகளுக்கு இடம்பெயர்க்கப்பட்டிருக்கின்றன. மையத்தில் நீங்கள் பார்ப்பவை இந்த டெனாக் யானைகளும் தாயைப் பிரிந்த கன்றுகளும்தான்.

நம் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சொல். யானை என்றதும் நமக்குப் பிள்ளையார் நினைவு. கோயில் யானையைப் போலத் தலையில் தும்பிக்கை வைத்து ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்று பாட்டிமார் கேட்பார்கள், பிள்ளையை அடியில் நுழைந்து வரச் சொல்வார்கள். இங்கே அது கிடையாது, பாகனிடம் காசு நீட்டியும் கேட்காதீர்கள். மோதிரம் செய்ய வால் முடி கேட்பதும் வேண்டாம். முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கின் உறுப்பை அனுமதியில்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். கும்பிட வேண்டுமென்றால் பத்தடி தள்ளி நின்று கும்பிடுங்கள், அதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

பழம் கொடுக்க அனுமதித்தால் தடுப்புக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். ஆசிய யானையின் தும்பிக்கை நுனியில் மேல்பக்கம் விரல்போல ஒரு முனை இருக்கும். பழத்தை உள்ளங்கையில் வைத்து அசையாமல் நீட்டினால் அதுவே வளைத்து எடுத்துக்கொள்ளும். அந்த நுனி ஈரமாக இருக்கும், மூச்சுக்காற்று சூடாகக் கையில் படும், மயிர் தென்னந்துடைப்பம் போலக் குத்தும். முதல்முறை எல்லோரும் கையை இழுத்துக்கொள்வார்கள். கொடுப்பதுபோலக் காட்டி ஏமாற்றாதீர்கள். உங்கள் கைக்கு எட்டாத தூரம் தும்பிக்கைக்கு எட்டும்.

காது ஆடிக்கொண்டிருந்தால் உடம்பைக் குளிர்வித்துக்கொள்கிறது, நல்லதுதான். ஆடிய காது விரிந்து அப்படியே நின்று, தலையும் உயர்ந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் பின்னால் நகருங்கள். ஓடாதீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் கறுப்பாக நீர் வழிந்திருந்தால் மதநீராக இருக்கலாம், அந்த யானைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். பிறக்கும்போதே ஏறக்குறைய 100 கிலோ உள்ள கன்று விளையாட்டாக முட்டினாலும் பெரியவரே விழுவார்.

காதிலும் தும்பிக்கையிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது வெண்குஷ்டம் அல்ல. வயது ஏற ஏற ஆசிய யானைக்கு நிறம் இப்படி வெளுக்கும். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: கால் நகங்களை எண்ணட்டும். பெரும்பாலும் முன்காலில் ஐந்து, பின்காலில் நான்கு.

கரடியும் தாப்பிரும்

தேன் கரடி உலகின் கரடிகளிலேயே சிறியது. நெஞ்சில் மஞ்சள் பிறை, 20 சென்டிமீட்டருக்குமேல் நீளும் நாக்கு. அது ஒரே தடத்தில் எட்டுப் போட்டபடி நடந்துகொண்டே இருப்பதையோ, தலையை ஒரே மாதிரி ஆட்டுவதையோ பார்த்தால் 'டான்ஸ் ஆடுது' என்று கைதட்ட வேண்டாம். நெடுநாள் சிறு கூண்டில் அடைபட்ட விலங்குக்கு ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அது. மீட்டபின்னும் சிலவற்றுக்கு ஆயுள் முழுக்கப் போகாது. அதை மட்டும் வைத்து இப்போதைய பூங்கா கொடுமை செய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். தரை சிமெண்டா மண்ணா, ஏற மரக்கட்டை உண்டா, கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள இடம் உண்டா, தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

தாப்பிர் பகலில் தூங்கும், தண்ணீரில் கிடக்கும். நிழலில் இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். பளீர் வெயிலில் நெடுநாள் இருந்தால் அதன் கண் வெளுத்துப் போகும். பன்றிபோல அசட்டையாகத் தெரிந்தாலும் கடித்தால் ஆழமாகக் கடிக்கும். தர்ப்பூசணிப் பழம்போல வரியும் புள்ளியுமாக ஒரு குட்டி தெரிந்தால் அது வேறு விலங்கு அல்ல, தாப்பிர்க் குட்டிதான். சில மாதங்களில் வரி மறைந்துவிடும்.

படம் எடுக்க ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கம்பி வலை படத்தில் விழுந்தால், விலங்கு வலையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே தள்ளிப் போகும்வரை காத்திருங்கள். அப்போது வலை மங்கிவிடும். கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடாதீர்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

குரங்கு பையைப் பிடித்தால் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் கடி விழுகிறது. பல் தெரியச் சிரிக்காதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். இரண்டையும் அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய் எந்த விலங்கு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். சிறு கீறலென்று விட்டுவிட வேண்டாம்.

விலங்கைத் தொட்டபின் சோப்பால் 20 வினாடி கை கழுவாமல் சாப்பாட்டைத் திறக்காதீர்கள். கையில் மண்ணும் சாணமும் இருந்தால் சானிடைசர் மட்டும் போதாது. வாயில் விரல் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம்.

திரும்பும்போது

மாலை 4 மணிக்குள் கிளம்புங்கள். ஞாயிறு என்றால் 3 மணிக்கே. கிழக்குக்கரையிலிருந்து ஊர் திரும்பும் வண்டிகளும் கெந்திங்கிலிருந்து இறங்கும் வண்டிகளும் சேர்ந்து கோம்பாக்வரை நிற்கும். மாலை மழையும் மலைப் பகுதியின் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் இருட்டில் ஓட்டுவது கடினம்.

நன்கொடை கொடுப்பதென்றால் உண்டியலில், அல்லது அலுவலகத்தில் ரசீதோடு. பாகன் கையில் திணித்தால், அடுத்து வருகிறவருக்காக விதியைத் தளர்த்தும் பழக்கம் அங்கே வந்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டு வந்தபின் தோட்டத்தில் கிடந்த குருவிக் குஞ்சையும் வீட்டருகே வந்த தேவாங்கையும் பெட்டியில் போட்டு அந்தப் பூங்காவுக்கே கொண்டுபோகலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். நோய் பரவும், பாதுகாக்கப்பட்ட விலங்கைக் காரில் ஏற்றுவதே சட்டச் சிக்கல். இருக்கும் இடத்திலேயே விட்டு, நாயையும் பூனையையும் வீட்டுக்குள் கட்டிவிட்டு, பெர்ஹிலித்தானின் 1-800-88-5151 எண்ணுக்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். பால் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள். பறவைக் குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தால் அது பறக்கப் பழகுகிறது என்று பொருள், தாய் பக்கத்து மரத்திலேயே இருக்கும்.